கார்த் தகரத்தில் ஓட்டை: ஒட்டக் கொடுக்குமுன் கேட்கவேண்டியவை

கேள்வி (பரந்தன்): எங்கள் மொறிஸ் மைனர் 1000 காரில் சாரதியின் காலடித் தட்டில் உள்ளங்கை அளவு ஓட்டை. சுற்றிவரச் சின்னச் சின்னப் பொத்தல்கள். ஒரு கராஜில் ஃபைபர் ஒட்டிப் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) பூசி இரண்டு நாளில் தருகிறோம் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைக்கவேண்டும் என்று நாலு மடங்கு காசு கேட்கிறார்கள். எதற்குக் கொடுப்பது?

பதில்: வெட்டி ஒட்டுகிறவரிடம் கொடுங்கள். மைனருக்குத் தனிச் செசி, அதாவது பாரம் தாங்கும் தனி அடிச்சட்டம், கிடையாது. தட்டு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டம், இருக்கைக்கு அடியிலுள்ள குறுக்குச் சட்டம் எல்லாம் சேர்ந்துதான் வண்டியின் பாரத்தைத் தாங்குகின்றன. முன்சில்லுகளின் டோர்ஷன் பார்கள் (முறுகி வில்லுப்போல வேலைசெய்யும் கம்பிகள்) பின்னால் வந்து பிடிப்பதும் அந்தக் குறுக்குச் சட்டத்தில்தான். அது உக்கியிருக்க மேலே ஃபைபர் போட்டு மூடினால், பிடி கழன்று முன்பக்கம் கீழே இறங்கிவிடும். ஒஸ்ரின் A40 டெவன், சோமசெற் போன்றவற்றுக்குத் தனிச் செசி உண்டு. அவற்றில் தட்டு ஓட்டை இவ்வளவு ஆபத்தில்லை. உங்கள் கார் அந்த வகை அல்ல.

காசு பேசுமுன் ஓட்டையின் உண்மையான அளவைப் பாருங்கள். கம்பளத்தை எடுத்து, பழைய தாரைச் சுரண்டி, திருப்புளி நுனியால் குத்திக்கொண்டு போங்கள். நல்ல தகரம் கணீரென்று கேட்கும், உக்கினது மந்தமாகக் கேட்கும் அல்லது நுனி உள்ளே போகும். பெரும்பாலும் உள்ளங்கை அளவு ஓட்டை ஒரு பத்திரிகைத் தாள் அளவு வெட்டாக முடியும். கேட்ட விலை அதிகமாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். நல்ல தகரம் வந்த பிறகும் 20–25 மில்லிமீற்றர் உள்ளே தள்ளி வெட்டவேண்டும். கறள் தின்று மெலிந்த விளிம்பில் ஒட்டுப் பிடிக்காது, சூடு பட்டதும் ஓட்டை பெருக்கும்.

போடும் தகரம் 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள சாதாரண இரும்புத் தகரமாக இருக்கட்டும். குறுக்குச் சட்டத்துக்கு அதைவிடத் தடிப்பு, குறைந்தது 1.6. கூரைக்குப் போடும் தகரத்தின் மிச்சத் துண்டை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். அது பாதித் தடிப்புத்தான். பூச்சிலுள்ள நாகம் (துத்தநாகம்) எரிந்து ஒட்டில் குமிழிகள் வரும், அந்தப் புகையைச் சுவாசிப்பவருக்குக் காய்ச்சலும் குளிரும் வரும். முதலில் காட்போட்டில் அளவு வெட்டி, அதை வைத்துத் தகரம் வெட்டவேண்டும். மூலைகளை வட்டமாக விடவேண்டும். கூர்மூலையில் பிற்பாடு வெடிப்புத் தொடங்கும்.

ஒட்டுவதற்கு 0.6 மில்லிமீற்றர் கம்பியோடு மிக் வெல்டிங்தான் (கம்பி தானாக வந்து உருகி ஒட்டும் முறை) நல்லது. வெல்டிங் குச்சி வைத்து ஒட்டும் ஆர்க் வெல்டிங் இந்தத் தடிப்பைப் பொத்துவிடும். காஸ் வெல்டிங்கில் கைதேர்ந்தவர்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் செய்தால் பிழையில்லை. ஆனால் சூடு அகலமாகப் பரவுவதால் தகரம் அலை அலையாக வளையும், தட்டிச் சீராக்கத் தெரிந்திருக்கவேண்டும். பித்தளை வைத்து ஒட்டுவது பாரம் தாங்கும் இடத்துக்கு ஆகாது. எந்த முறையானாலும் ஒரேயடியாகக் கோடு இழுக்காமல், 25 மில்லிமீற்றருக்கு ஒரு புள்ளி, அடுத்தது எதிர்ப்பக்கம் என்று தாவித் தாவி வைத்து, ஆறவிட்டு இடைவெளிகளை நிரப்பவேண்டும். தட்டில் 12 மில்லிமீற்றர் மேலேறப் போட்டு ஒட்டலாம். கண்ணுக்குத் தெரியும் இடங்களில் விளிம்போடு விளிம்பு வைத்து ஒட்டுவதே அழகு, மடிப்பில் தண்ணீர் நிற்காது என்பதும் லாபம்.

வேலை தொடங்குமுன் பற்றரி கழற்றப்பட்டதா, பின்பெட்டித் தரையிலுள்ள பெற்றோல் தாங்கி இறக்கப்பட்டதா என்று நேரில் பாருங்கள். மைனரில் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் தட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. பிரேக் எண்ணெயும் தீப்பற்றும், ஆகவே அதுவும் கழற்றப்படவேண்டும். பெட்டிச் சட்டத்தை வெட்டுவதானால் வண்டியைச் சமதரையில் தாங்கு கொடுத்து நிறுத்தி, கதவு வாசலுக்குக் குறுக்காக இரும்புக் கம்பி ஒட்டிப் பிடிக்கவேண்டும். இதைச் செய்யாமல் வெட்டிய வண்டிகளில் கதவு பூட்டாது. பிறகு அதைத் திருத்துவது புதிதாகச் செய்வதைவிடக் கஷ்டம்.

ஒட்டி முடிந்ததும், இருட்டில் அடியிலிருந்து ரோச் அடித்து மேலே பாருங்கள். ஊசித்துளை இருந்தால் வெளிச்சம் காட்டிக்கொடுக்கும். அதன்பின் எபொக்சி பிரைமர் இரண்டு பூச்சு, அதற்கு மேல்தான் மூட்டுகளில் சீலர், இரு பக்கமும். வெறும் தகரத்தில் சீலர் அப்பினால் அடியில் கறள் ஓடும். பெட்டிச் சட்டத்தின் உள்ளே மெழுகு விசிறவேண்டும். பழைய எஞ்சின் எண்ணெயை ஊற்றும் வழக்கம் உண்டு, அது ஒழுகி றப்பர் புஷ்களை ஊதவைக்கும். தண்ணீர் வடியும் துவாரங்களைத் தாரால் அடைத்துவிடாமல் கவனியுங்கள்.

கேள்வி (முல்லைத்தீவு): போன வருடம் முன் மட்காட்டில் ஒட்டுப் போட்டுப் பெயின்ற் அடித்தோம். மாரி முடியக் கொப்புளம் கிளம்பிவிட்டது. உப்புக் காற்றா காரணம்?

பதில்: உப்புக் காற்று வேகப்படுத்தும், ஆனால் கொப்புளம் உள்பக்கத்திலிருந்து வருகிறது. வெளியே பட்டி பூசி, பின்பக்கத்தைச் சும்மா விட்டிருப்பார்கள். பட்டி தண்ணீர் உறிஞ்சும், பின்னாலிருந்து ஈரம் ஏறித் தகரத்துக்கும் பட்டிக்கும் இடையில் கறள் வளரும். கிறவல் வீதிச் சேறு மட்காட்டின் பின் மூலையில் அப்பிக்கொண்டு மழைக்காலம் முழுக்க ஈரமாக இருப்பதும் சேர்ந்துகொள்கிறது.

உங்கள் காரும் மைனர் என்றால் மட்காட் போல்ட் போட்டது. கழற்றி எடுத்து இரு முகமும் சுத்தம்செய்து ஒட்டச் சொல்லுங்கள். பட்டி 3 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. 100 கிராம் பட்டிக்கு அதை இறுகவைக்கும் ஹாட்னர் 2 கிராம் அளவு போதும். எங்கள் வெயிலில் அது சீக்கிரம் இறுகுகிறது என்பதால் சிறு சிறு கலவையாகக் குழைப்பதுதான் வழி. ஹாட்னர் கூடினால் பெயின்றுக்கு மேல் கறை தெரியும். பட்டி தேய்த்த நிலையில் வண்டியை மழையில் விடவேண்டாம். கறளை மாற்றும் திரவம் மேற்பூச்சுக் கறளுக்கு உதவும், ஓட்டைக்கு உதவாது.

கேள்வி (வவுனியா): புதிதாகப் பெயின்ற் அடித்த ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஒன்று பார்த்திருக்கிறேன். ஏமாறாமல் வாங்குவது எப்படி? ஏமாந்தால் எங்கே முறையிடுவது?

பதில்: காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். முதலில் கூரை நடுவில் வைத்து அதன் இழுப்பைக் கையால் உணர்ந்துகொண்டு, பிறகு கதவடி, சில்லு வளைவு, பெட்டிச் சட்டம் என்று வையுங்கள். வழுக்கினால் உள்ளே பட்டி. பின்பெட்டிக் கம்பளத்தைத் தூக்குங்கள். அடிப்பக்கம் முழுதும் புதுத் தார் மினுங்கினால் சந்தேகப்படுங்கள், உடையவரின் சம்மதத்தோடு ஓரிடத்தில் சுரண்டிப் பாருங்கள். செசி இலக்கமும் பதிவுப் புத்தகமும் ஒத்துப்போகவேண்டும், இலக்கத் தகட்டைச் சுற்றி ஒட்டு இருந்தால் விட்டுவிடுங்கள்.

தனியாளிடம் வாங்கினால் பிறகு முறையிடுவது கஷ்டம். ஆகவே காசு கொடுக்குமுன் பார்ப்பதுதான் பாதுகாப்பு. கராஜ் வேலையென்றால் நிலை வேறு. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் சட்டம் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கம். சேவை பெற்ற 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிடவேண்டும், தொலைபேசி இலக்கம் 1977. பற்றுச்சீட்டு இல்லாமல் போனால் வாதம் நிற்காது. பேசும்போதே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: எந்தெந்த இடம், எத்தனை மில்லிமீற்றர் தகரம், எந்த வெல்டிங், எந்தப் பிரைமர், பேசிய தொகைக்கு மேல் போவதானால் முதலில் அழைக்கவேண்டும் என்ற ஒரு வரி. வெட்டிய பின், ஒட்டிய பின், தார் அடிக்குமுன் என மூன்று கட்டத்திலும் படம் கேளுங்கள். நல்ல டிங்கரிங்காரர் இதற்கு முகம் சுளிக்கமாட்டார்.