முடி நீளமாக இருந்தால் சிங்கப்பூருக்குள் விடமாட்டார்களாமே, உண்மையா?

இப்போது இல்லை, தைரியமாகப் போங்கள். ஆனால் 1970களில் நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. ஹிப்பி கலாசாரமும் அதோடு கஞ்சாவும் உள்ளே வந்துவிடும் என்று அப்போதைய பிரதமர் லீ குவான் யூவின் அரசுக்குப் பயம், அதனால் ஆண்கள் முடி வளர்த்தாலே சந்தேகம்தான்.

எது நீளம் என்பதற்கும் அளவு வைத்திருந்தார்கள்: முன்முடி புருவத்தைத் தொடக்கூடாது, காதை மூடக்கூடாது, பின்னால் சட்டைக் காலருக்குக் கீழே இறங்கக்கூடாது. அரசு அலுவலகங்களில் "நீளமுடி ஆண்களைக் கடைசியில்தான் கவனிப்போம்" என்று போஸ்டரே ஒட்டியிருந்தார்கள், அதில் படம் வேறு. வெளிநாட்டுக்காரன் என்றால் வெட்டிக்கொள், இல்லையா, வந்த வழியே திரும்பு. 1972இல் லெட் செப்லின் இசைக்குழுவுக்கே இந்தக் கதிதான், முடியால் கச்சேரி ரத்து.

சென்னை மண்ணடியில் இருந்த என் பெரியப்பா அந்தக் காலத்தில் 'சிதம்பரம்' என்ற பயணிகள் கப்பலில் சிங்கப்பூர் போனவர். காதை மூடி ஸ்டெப் கட்டிங், ஆசை ஆசையாய் வளர்த்தது. கப்பல் ஏறுகிற அன்று காலையில் பாட்டி கையைப் பிடித்து இழுத்துப் போய் சலூனில் உட்கார வைத்துவிட்டார். பாஸ்போர்ட்டில் முடியோடு இருக்கிற ஆளும் நேரில் நிற்கிற ஆளும் வேறு வேறு மாதிரி இருந்ததால், அங்கே இறங்கியதும் அதற்கும் தனியாகக் கேள்வி கேட்டார்களாம்.