பிரிண்டர் மறுபடியும் ஆஃப்லைனா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டு பிரிண்டர் பற்றி வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே புலம்பல்தான்: நேற்றுவரை நன்றாக ஓடியது, இன்று ஆஃப்லைன் என்கிறது. எதையும் கழற்றி மாட்டும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். இணைப்பு அறுந்தது பிரிண்டருக்கும் ரூட்டருக்கும் நடுவிலா, கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் நடுவிலா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

பிரிண்டரில் வைஃபை விளக்கு நிலையாக எரிகிறது. போனிலிருந்து கொடுத்தால் பிரிண்ட் வருகிறது. விண்டோஸ் லேப்டாப்பில் மட்டும் 'ஆஃப்லைன்'. பிரிண்டரை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தால் சில நாள் ஓடும், அப்புறம் பழைய கதைதான். (கோவை வாசகர்)

உங்கள் பிரிண்டர் வைஃபையை விடவே இல்லை. லேப்டாப்தான் வீடு மாறிப் போனவருக்குப் பழைய முகவரியிலேயே கடிதம் போட்டுக்கொண்டிருக்கிறது.

ரூட்டர் தன்னோடு சேரும் ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.7 போல ஓர் ஐபி முகவரி கொடுக்கும். அது நிரந்தரம் இல்லை, குறிப்பிட்ட காலத்துக்குத்தான். மின்சாரம் போய் ரூட்டர் புதிதாகக் கிளம்பும்போது பிரிண்டருக்கு 192.168.1.12 கிடைக்கலாம், பழைய 7 உங்கள் டிவிக்குப் போயிருக்கலாம். போன் ஒவ்வொரு முறையும் நெட்வொர்க்கில் பிரிண்டர் எங்கே என்று புதிதாகத் தேடுவதால் தப்பித்துக்கொள்கிறது. விண்டோஸ் பல நேரங்களில் முதல் நாள் குறித்துவைத்த முகவரியையே பிடித்துக்கொண்டு நிற்கும்.

நிரந்தரத் தீர்வு, அந்த முகவரியை மாறாமல் கட்டிப்போடுவது. பிரிண்டரின் மெனுவிலிருந்து நெட்வொர்க் விவரப் பக்கத்தை அச்செடுங்கள். அதில் ஐபி முகவரியும், மேக் முகவரியும் (தயாரிக்கும்போதே கருவிக்குத் தரப்படும் அடையாள எண்) இருக்கும். பிறகு பிரவுசரில் ரூட்டரின் முகவரியைப் போட்டு உள்ளே போங்கள். பல ரூட்டர்களில் 192.168.1.1, ஜியோ ஃபைபரில் 192.168.29.1. அங்கே டிஹெச்சிபி (ஐபி முகவரிகளைப் பங்கிடும் வேலை) பகுதியில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' அல்லது அதை ஒத்த பெயரில் ஒன்று இருக்கும். அதில் பிரிண்டரின் மேக் முகவரிக்கு ஓர் ஐபியை ஒதுக்கிச் சேமித்துவிட்டு, பிரிண்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

அடுத்தது லேப்டாப். பிரிண்டர் ப்ராபர்ட்டீஸில் 'போர்ட்ஸ்' பகுதியைத் திறங்கள். டிக் செய்யப்பட்ட வரி 'டபிள்யூஎஸ்டி' (விண்டோஸ் பிரிண்டரைத் தானே தேடிச் சேர்க்கும் முறை) என்று தொடங்கினால் பெரும்பாலும் குற்றவாளி அதுதான். 'ஆட் போர்ட்' கொடுத்து, 'ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்' தேர்ந்தெடுத்து, ஒதுக்கிய ஐபியைப் போடுங்கள். அதே இடத்தில் 'கான்ஃபிகர் போர்ட்' உள்ளே 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்ட்' என்ற டிக்கையும் எடுத்துவிடுங்கள். பிரிண்டர் நலமா என்று விண்டோஸ் விசாரிக்கும் வழி அது. பதில் வராவிட்டால், தயாராக நிற்கும் பிரிண்டருக்கும் 'ஆஃப்லைன்' முத்திரை குத்திவிடும்.

ரூட்டரைத் தொடாமல் பிரிண்டரிலேயே நிலையான ஐபியைப் போட்டுவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. நாளைக்கு வேறு ரூட்டர் வந்து முகவரி வரிசையே மாறினால், பிரிண்டர் பழைய எண்ணோடு தனியாக உட்கார்ந்திருக்கும். காரணம் யாருக்கும் நினைவிருக்காது.

இன்டர்நெட் நிறுவனத்தை மாற்றினோம். புது ரூட்டரில் போன், டிவி எல்லாம் சேர்ந்துவிட்டன. பிரிண்டருக்கு மட்டும் வைஃபை பெயரே தெரியவில்லை. (திருச்சி வாசகர்)

வீட்டு பிரிண்டர்களில் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். புது ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் பிரிண்டர் கண்ணுக்கு எதுவும் படாது. இரண்டையும் ஒரே பெயரில் தரும் ரூட்டராக இருந்தால், அமைப்புகளில் பிரித்து, 2.4-க்குத் தனிப் பெயர் கொடுங்கள். பிரிண்டரைச் சேர்க்கும் நேரத்தில் போனையும் அந்தப் பெயரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்த பிறகு போன் 5-க்குத் திரும்பலாம். ஒரே ரூட்டர் என்றால் இரண்டு அலைவரிசைகளில் இருக்கும் கருவிகளும் பேசிக்கொள்ளும். ஆனால் போன் 'கெஸ்ட்' வைஃபையில் இருந்தால் பேசாது. அதைத் தடுக்கத்தான் கெஸ்ட் நெட்வொர்க்.

பெயர் தெரிந்தும் பாஸ்வேர்டு தவறு என்கிறதா? பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருக்கிறதா பாருங்கள். பழைய பிரிண்டர்களுக்கு அது புரியாது. டபிள்யூபிஏ2-உம் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்றுங்கள். அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்த பிரிண்டர் என்றால் இன்னொரு சங்கதி: ரூட்டர் 12 அல்லது 13-ஆம் சேனலில் (2.4-க்குள் இருக்கும் உட்பிரிவு) இருந்தால், அந்த நாட்டுக்காகத் தயாரித்த பல கருவிகள் அதைத் தேடுவதே இல்லை.

புது ரூட்டர் போடும் எல்லோருக்கும் ஒரு யோசனை. பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து பிசகாமல் அப்படியே புதிதில் வையுங்கள். பெரும்பாலான கருவிகள் தாமாகவே வந்து சேர்ந்துகொள்ளும்.

ஆபீஸ் லேப்டாப்பில் மட்டும் பிரிண்ட் போகவில்லை. மகளின் லேப்டாப்பில் போகிறது. (சென்னை வாசகி)

விபிஎன்னை (லேப்டாப்பை அலுவலக நெட்வொர்க்கோடு பாதுகாப்பாக இணைக்கும் வழி) நிறுத்திவிட்டுக் கொடுத்துப் பாருங்கள். ஓடிவிட்டால் காரணம் அதுதான்: விபிஎன் ஓடும்போது வீட்டு நெட்வொர்க்கை மறைத்துவிடும்படி பல அலுவலகங்கள் அமைத்திருக்கின்றன. அதை நீங்கள் மாற்ற முடியாது. அலுவலக விதி அனுமதித்தால் விபிஎன்னை நிறுத்தி அச்செடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் ஐடி பிரிவிடம் கேளுங்கள்.

ரூட்டர் கீழே ஹாலில், பிரிண்டர் மாடி அறையில். பத்துப் பக்கம் கொடுத்தால் நடுவில் நின்றுவிடுகிறது. எக்ஸ்டெண்டர் (வைஃபை சிக்னலை நீட்டிக்கும் கருவி) வாங்கலாமா? (மதுரை வாசகர்)

முதலில் பிரிண்டரை இடம் மாற்றிப் பாருங்கள், செலவில்லாத வேலை. கான்கிரீட் தளமும் இரும்பு பீரோவும் சிக்னலை நன்றாகத் தின்னும். கம்ப்யூட்டர் பக்கத்திலேயே பிரிண்டர் இருக்க வேண்டிய அவசியம்தான் வைஃபை வந்ததும் போய்விட்டதே! ஹாலிலேயே ஒரு மூலையில் வையுங்கள், ஆனால் மைக்ரோவேவ் அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். அதுவும் 2.4-இல்தான் இயங்குகிறது.

நெட்வொர்க் விவரப் பக்கத்தில் சிக்னல் அளவு இருந்தால் கவனியுங்கள். மைனஸ் 50 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு) அருமை, மைனஸ் 70-ஐத் தாண்டி மைனஸ் 80 பக்கம் போனால் தடுமாற்றம்தான். அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் ரூட்டர் சேனலை 1, 6, 11 மூன்றில் கூட்டம் குறைந்த ஒன்றில் நிறுத்துங்கள். அப்புறமும் சரியாகாவிட்டால் எக்ஸ்டெண்டர் வாங்கலாம். அது தனி நெட்வொர்க்காக, வேறு முகவரி வரிசையோடு ஓடக்கூடாது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் போய் வந்தாலே பிரிண்டர் வைஃபையில் சேர மறுக்கிறது. இன்வெர்ட்டரில் போட்டுவிடலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

மின்சாரம் வந்ததும் பிரிண்டர் முதலில் எழுந்துவிடுகிறது. ரூட்டர் தயாராகச் சில நிமிடம் ஆகும். தேடிப் பார்த்துக் கிடைக்காததால் சில பிரிண்டர்கள் அப்படியே நின்றுவிடும். அந்த நேரத்தில் விவரப் பக்கம் எடுத்தால் 169.254 என்று தொடங்கும் முகவரி இருக்கக்கூடும். ரூட்டர் முகவரி தரவில்லை, பிரிண்டர் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். ரூட்டரின் விளக்குகள் நிலைத்த பிறகு பிரிண்டரை அணைத்துப் போட்டால் போதும். ரூட்டருக்கு மட்டும் ஒரு சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

லேசர் பிரிண்டரை மட்டும் வீட்டு இன்வெர்ட்டரில் போடாதீர்கள். மையை உருக்கும் பகுதி சூடேறும்போது சட்டென்று நிறைய மின்சாரம் இழுக்கும், இன்வெர்ட்டர் தாங்காது. இன்க்ஜெட் அவ்வளவு இழுக்காது. ஆனால் அதைச் சுவர் ஸ்விட்சில் அணைக்கும் பழக்கம் இருந்தால் விடுங்கள். பிரிண்டரின் சொந்தப் பட்டனை அழுத்தினால்தான் மைத்தலை மூடிக்குள் போய் உட்காரும். இல்லையென்றால் காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

நின்றுபோன வேலையை வரிசையிலிருந்து நீக்கினால், 'டெலீட்டிங்' என்று மணிக்கணக்கில் காட்டுகிறது. (சேலம் வாசகர்)

விண்டோஸின் 'சர்வீசஸ்' பட்டியலில் 'பிரிண்ட் ஸ்பூலர்' (அச்சு வேலைகளை வரிசையில் வைத்து அனுப்புவது) என்பதை நிறுத்துங்கள். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்ற வரிசையில் போய், கடைசி ஃபோல்டருக்குள் இருக்கும் கோப்புகளை மட்டும் அழியுங்கள், ஃபோல்டரை அல்ல. பிறகு ஸ்பூலரைத் திரும்ப ஓடவிடுங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு, கேபிளே போட்டுவிடலாமா? (புதுச்சேரி வாசகர்)

தாராளமாக. ஒரே லேப்டாப் என்றால் யூஎஸ்பி கேபிள்தான் என் ஓட்டும். 5 மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம். பிரிண்டரின் பின்னால் லேன் துளை இருந்தால் இன்னும் நல்லது. அங்கிருந்து ரூட்டருக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். வீட்டில் எல்லோரும் அவரவர் போனிலிருந்து வழக்கம்போல அச்செடுக்கலாம்.