கத்தோலிக்கப் பெண், யூத மாப்பிள்ளை: கேள்வி-பதில்

இந்த மாதக் கடிதங்களில் பாதி ஒரே ரகம். மலையில் கல்யாணம், ஒரு பக்கம் கத்தோலிக்கர், மறுபக்கம் யூதர். வந்த வரிசையிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

கூடலூர் வாசகி: எங்கள் கோவிலில் ஃபாதர் மந்திரித்து வைப்பாரா?

ஆயர் விதிவிலக்கு கொடுத்தால் வைப்பார். மாப்பிள்ளை திருமுழுக்குப் பெறாதவர். விதிவிலக்கு இல்லாமல் திருச்சபையில் அந்தத் திருமணம் செல்லாது. உங்கள் விசுவாசத்தை விடமாட்டேன், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று நீங்கள் வாக்குக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை எந்த வாக்கும் தர வேண்டாம், விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தால் போதும். சடங்கு திருப்பலி இல்லாமல் நடக்கும். ஆறு மாதம் முன்பே பங்குத்தந்தையைப் பாருங்கள். அனுமதி கைக்கு வரும்வரை பத்திரிகை அடிக்காதீர்கள்.

குன்னூர்: ஃபாதரும் யூத குருவான ரப்பியும் சேர்ந்து நின்று நடத்தலாமா?

கூடாது. இருவரும் ஆளுக்கு ஒரு முறை மணமக்களிடம் சம்மதம் கேட்பதைத் திருச்சபைச் சட்டம் தடுக்கிறது. முன்னாலோ பின்னாலோ தனியாக இன்னொரு சமயத் திருமணம் வைப்பதும் கூடாது. ரப்பி வந்து ஒரு ஜெபம் சொல்லலாம் என்று ஃபாதர் ஒத்துக்கொண்டால் சரி. வைதீக ரப்பிகள் இப்படிப்பட்ட கல்யாணத்துக்கு வரமாட்டார்கள். சீர்திருத்தப் பிரிவில் சிலர் வருவார்கள். மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய தொழுகைக்கூடம் இருக்கிறதே, ரப்பி கிடைப்பாரா என்று கேட்காதீர்கள். கொச்சி யூதர்கள் ரப்பி இல்லாமல் பெரியவர்களை வைத்தே காலம் காலமாகக் கல்யாணம் நடத்தியவர்கள்.

கோத்தகிரி: ரிசார்ட்டில் சனிக்கிழமை மாலை 4 மணிக்குக் கல்யாணம். பத்திரிகை அடித்தாகிவிட்டது. மாப்பிள்ளையின் தாத்தா வரமாட்டேன் என்கிறார். அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

புரிய வேண்டியது தாத்தாவுக்கு இல்லை, உங்களுக்கு. வெள்ளி பொழுது சாய்ந்ததிலிருந்து சனி இரவு நட்சத்திரம் தெரியும்வரை யூதர்களுக்கு ஓய்வு நாள். அனுசரிக்கிற மனிதர் அன்று காரில் ஏறமாட்டார், பேனாவைத் தொடமாட்டார். யூதக் கல்யாணமே அன்று நடக்காது. மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரே! வருஷத்துக்கு நாலு கடிதம் இப்படி வருகிறது. ரிசார்ட்காரர் வெள்ளி முதல் ஞாயிறு வரை ‘பேக்கேஜ்’ என்றதும் முன்பணம் கட்டிவிட்டு, அப்புறம்தான் எனக்கு எழுதுகிறார்கள்.

ஞாயிறும் சரிப்படாது, ஃபாதருக்கு அன்று பூசைக்கு மேல் பூசை. செவ்வாய்க்கிழமை வையுங்கள். தொடக்க நூலின் படைப்புக் கதையில் மூன்றாம் நாளன்று, அதாவது ஞாயிறிலிருந்து எண்ணினால் செவ்வாயன்று, மட்டும் ‘நல்லது என்று கண்டார்’ என இரண்டு முறை வரும். அதனால் யூதர்களுக்குச் செவ்வாய் ராசியான கிழமை. நம் வீடுகளில்தான் ‘செவ்வாய் வெறுவாய்’. குன்னூரில் ஒரு பாட்டி, கையில் ஜெபமாலையோடு, இதையே சொல்லி அடம்பிடித்தார். பைபிளைத் திறந்து காட்டினேன். கண்ணாடியை மாட்டி இரண்டு தடவை படித்துவிட்டு, “ஆண்டவருக்கே பிடிச்ச கிழமைன்னா எனக்கென்ன” என்றார். வார நாளில் அறை வாடகையும் குறையும்.

மாதம்? தவக்காலம் வேண்டாம். யூதர்களின் பாஸ்காவும் அதையடுத்த ஏழு வாரமும் வேண்டாம். மே சீசன் நெரிசல், 2024 முதல் வண்டிக்கு இ-பாஸ் வேறு. ஜூனில் மழை பிடித்துக்கொள்ளும். என் கணக்கில் ஜனவரிதான். குளிருக்குச் சால்வை இருக்கிறது. இனியாவது, தேதி உறுதியாகும்வரை பத்திரிகை அடிக்காதீர்கள்.

கொடைக்கானல்: வட்டக்கானலில் சந்தித்தோம். அவர் இஸ்ரேல்காரர். ஒரே வாரத்தில் பதிவுத் திருமணம் முடியுமா?

முடியாது. 1954 சிறப்புத் திருமணச் சட்டப்படி இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் வசித்திருக்க வேண்டும். அறிவிப்பு கொடுத்தபின் இன்னும் 30 நாள். மூன்று சாட்சிகள். தூதரகத்திலிருந்து தடையில்லாச் சான்றும் கேட்பார்கள். இஸ்ரேலுக்குள் உங்கள் இருவருக்கும் திருமணம் நடத்த வழியில்லை, வெளிநாட்டில் முடித்துவிட்டுப் போனால் அங்கே பதிவு செய்துகொள்வார்கள். ஆகவே இங்கே ஒழுங்காக முடியுங்கள்.

உதகை: மட்டன் பிரியாணி, தயிர்ப் பச்சடி போதுமா?

இறைச்சியும் பாலும் ஒரே பந்தியில் கூடாது. இறால், நண்டு, சுறா, பன்றி கிடையாது. ஆடும் அவர்கள் முறைப்படி அறுத்ததாக இருக்க வேண்டும். பேசாமல் சைவம் போடுங்கள். அப்போதும் கெடுபிடியான விருந்தாளிக்குப் பாத்திரம் தனி.

அரவங்காடு: தாலி உண்டா?

உண்டு. சிலுவை பொறிக்காத தாலியாக எடுத்தால் இரு வீட்டுக்கும் சங்கடமில்லை.

குன்னூரிலிருந்தே இன்னொருவர்: யூத மணப்பந்தலான ஹுப்பாவை வைக்க ஃபாதர் அனுமதித்துவிட்டார். எப்படிக் கட்டுவது? யூத வழக்கப்படி மாப்பிள்ளை கிளாஸை மிதித்து உடைப்பதற்கு ஏதாவது ஏற்பாடு?

நாலு கம்பு, மேலே ஒரு துணி. சில்வர் ஓக் கம்பு எஸ்டேட்டிலேயே கிடைக்கும். துணிக்கு அம்மாவின் கல்யாணப் புடவை அழகு. நாலு மூலையையும் நாலு பேர் பிடித்துக்கொள்ளட்டும், மதியத்துக்கு மேல் காற்று எடுக்கும்.

கிளாஸ் மெல்லிசாக இருக்கட்டும், நாப்கினில் இரண்டு சுற்று சுற்றுங்கள். புல்வெளி ஈரமாக இருந்தால் மிதித்ததும் உடையாமல் மண்ணுக்குள் போய்விடும். நான் பார்த்த ஒரு மாப்பிள்ளை மூன்று தடவை மிதித்தார்; பாட்டுக்காரர்கள் மூன்று தடவை ஆரம்பித்து நிறுத்தினார்கள். அடியில் ஒரு பலகை போடுங்கள்.