கரும்பொருள் உணர்கருவியை ஏன் பாதாளத்தில் கட்டுகிறார்கள்? திருகோணமலையில் ஒன்று அமைக்க முடியாதா?

கரும்பொருள் என்பது ஒளியை வெளிவிடாத, ஈர்ப்பின் மூலமே இருப்பது தெரியவந்த பொருள். அதன் துகள் மோதுவதைப் பிடிக்கத்தான் இந்தக் கருவி. கேள்வியின் இரண்டாம் பாதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: முடியாது. ஆனால் அந்தக் கருவி எப்படிப் பிறக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள நமது மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் குறைவு. திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். இதை எழுதக் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி.

பாதாளம் எதற்கு என்றால், வானிலிருந்து வந்து எதையும் ஊடுருவி, கருவியில் பொய்ச் சைகைகளை எழுப்பும் மியூவான் என்ற துகள்களுக்கு அஞ்சித்தான். நம் உள்ளங்கையில் மட்டும் நொடிக்கு ஒன்றாவது விழுந்துகொண்டிருக்கிறது. இத்தாலியின் கிரான் சாசோ மலையில் 1400 மீற்றர் பாறைக்கு அடியில் அது பத்து இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. அமெரிக்காவின் லக்ஸ்-செப்லின் என்ற கரும்பொருள் உணர்கருவி, ஹோம்ஸ்டேக் என்ற பழைய தங்கச் சுரங்கத்தில் 1478 மீற்றர் ஆழத்தில் இருக்கிறது. தமிழர்கள் பெருமளவில் உழைத்த கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில்தான் 1965இல் வளிமண்டல நியூட்ரினோக்கள் (எதனோடும் அரிதாகவே மோதும் துகள்கள்) பதிவாயின். கோணேசர் மலையை அடிவரை குடைந்தாலும் நூறு மீற்றர் சொச்சம் பாறைதான் கிடைக்கும். ஆழமான சுரங்கமும் இங்கே இல்லை.

ஆனால் ஆழம் கிடைத்த பிறகுதான் உண்மையான பாடு தொடங்குகிறது. வானத்தை மறைத்துவிடலாம், கருவியைக் கட்டும் உலோகத்துக்குள்ளேயே இருக்கும் கதிர்த்தொழிற்பாட்டை எதைக் கொண்டு மறைப்பது?

புல்மோட்டைக் கடற்கரையின் கறுப்பு மணலைப் பார்த்திருப்பீர்கள். ஊரில் எல்லோரும் இல்மனைற் மணல் என்பார்கள். இல்மனைற்றும் ரூட்டைலும் டைட்டேனியத்தின் தாதுக்கள். அதே மணலில் மொனசைட்டும் இருக்கிறது, மொனசைட்டுக்குள் தோரியம் என்ற கதிர்த்தொழிற்பாடுள்ள தனிமம். இவை எல்லாம் பாரமான கனிமங்கள் என்பதால் அலை இலேசான மணலை அரித்துக்கொண்டு போய், இவற்றை ஒன்றாகக் குவித்துவிடுகிறது. வகுப்பில் கதிர்வீச்சை எண்ணும் கைகர் எண்ணியை நிலாவெளி வெள்ளை மணலின் மேல் பிடித்துவிட்டு, பிறகு இந்தக் கறுப்பு மணலின் மேல் கொண்டுவந்தேன். விட்டுவிட்டுத் தட்டிக்கொண்டிருந்த கருவி படபடவென்று அடிக்கத் தொடங்கியதும் பின்வரிசைப் பிள்ளைகளும் எழுந்து முன்னால் வந்துவிட்டார்கள்.

லக்ஸ்-செப்லினின் உட்கலன் டைட்டேனியத்தால் ஆனது. பத்துத் தொன் செனன் வாயுவைக் கிட்டத்தட்ட மறை நூறு பாகை செல்சியசுக்குக் குளிர்த்தித் திரவமாக்கி அதில் வைத்திருக்கிறார்கள். செனன் கருவில் ஏதாவது மோதினால் ஒரு மெல்லிய ஒளி தெறிக்கும். அங்கே உதிர்ந்த இலத்திரன்களை மின்புலம் மேலே இழுத்து, திரவத்துக்கு மேலுள்ள வாயுப் படையில் இரண்டாவது ஒளியை உண்டாக்கும். இரண்டு ஒளிகளையும் ஒப்பிட்டால் மோதல் நடந்த இடமும், மோதியது எந்த வகைத் துகள் என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும். இந்த வழிமுறை எனக்கு மிகவும் அழகாகப் படுகிறது. ஆனால் யுரேனிய, தோரியச் சிதைவுத் தொடர்களின் விளைவாகக் கிளம்பும் ஒரு நியூட்ரான் செனன் கருவில் மோதினால், அது கரும்பொருள் மோதியது போலவே தோன்றும். அதனால் டைட்டேனிய மாதிரிகளை காமாக் கதிர்களை நுணுக்கமாக அளக்கும் ஜெர்மானியம் உணர்கருவிகளில் வைத்து அளந்து, மிகத் தூய்மையானதைத் தேர்ந்த பிறகே கலனைச் செய்தார்கள். மற்ற உதிரிப்பாகங்களுக்கும் இதே சோதனைதான்.

அப்போதும் அதே தொடர்களில் பிறக்கும் கதிர்த்தொழிற்பாட்டு வாயுவான ரேடன் விடுவதில்லை. உலோகத்திலிருந்தும் தூசியிலிருந்தும் கசிந்து செனனோடு கலந்துவிடும். மந்த வாயு என்பதால் இரசாயன முறையில் பிடித்து அகற்றுவதும் கடினம். செனன் காற்றிலிருந்து பிரித்தெடுக்கப்படுவதால் கிரிப்டனும் ஒட்டிக்கொண்டு வரும். அதிலுள்ள கிரிப்டன்-85 பெரும்பாலும் அணு எரிபொருள் மறுசுத்திகரிப்பு காற்றில் விட்ட எச்சம். செனனைக் கரித்தூள் நிரப்பிய கலத்தின் ஊடாகச் செலுத்தி அதைப் பிரிக்கிறார்கள். (அணுகுண்டு வெடிப்புகளின் கதிர்த்தூசி கலவாத, 1945க்கு முன் வார்க்கப்பட்ட உருக்கைப் பழைய கப்பல்களிலிருந்து எடுத்து, நுண்ணிய கதிர் அளவீடுகளுக்குக் கவசமாக்கிய காலம் உண்டு. 1942 குண்டுவீச்சில் எரிந்து, 2018 வரை நமது துறைமுகத்தின் அடியில் கிடந்த சகாயிங் கப்பலின் உருக்கும் அந்தக் காலத்ததுதான்.)

2024இல் லக்ஸ்-செப்லின் குழு 280 நாள் தரவுகளை வெளியிட்டது. கரும்பொருள் அகப்படவில்லை. இதைத் தோல்வி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அத்தனை நாளும் அந்தக் கருவி அவ்வளவு அமைதியாக இருந்ததே பெரிய சாதனை.

நீங்கள் உயர்தர மாணவர் என்றால் ஒரு வேலை தருகிறேன். தோரியம்-232 முதல் ஈயம்-208 வரையான சிதைவுத் தொடரை எழுதி, ஒவ்வொரு படியிலும் என்ன வெளியேறுகிறது, அரைவாழ்வுக்காலம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் துறைக்கு வரும் எவரும் அந்தத் தொடரோடுதான் நெடுநாள் வாழ வேண்டியிருக்கும்.