போர்ச்சுகல் போறீங்களா? கேளுங்க, சொல்றேன்

லிஸ்பனில் குடியிருக்கிறேன். சாப்பாடு, ஊர், பாட்டு பற்றிக் கேளுங்கள். விசா கேள்விகளுக்குத் தூதரகத் தளம் இருக்கிறது, இங்கே வேண்டாம்.

கே: அக்கா, ஐந்து நாள்தான் லீவு. லிஸ்பன், போர்ட்டோ இரண்டும் முடியுமா?

தாராளமாக. ரயிலில் மூன்று மணி நேரம். போர்ட்டோவில் சாவோ பெந்து ஸ்டேஷனுக்குள் ஒரு நடை போய் நீல ஓவிய ஓடு பதித்த சுவர்களைப் பாருங்கள், டிக்கெட்டே வேண்டாம்.

கே: சுத்த சைவம். பட்டினிதானா மேடம்?

பட்டினி இல்லை, கேட்டுக் கேட்டுச் சாப்பிட வேண்டும். கால்து வெர்து என்று உருளைக்கிழங்கு மசித்துக் கீரை நறுக்கிப் போட்ட சூப் கிடைக்கும். பார்க்கப் பச்சையாக இருக்கும், அடியில் ஒரு துண்டு பன்றி சாஸேஜ் கிடக்கும். எடுத்துப் போட்டால் ஆச்சா என்று கேட்காதீர்கள், பல இடங்களில் கொதித்ததே அதோடுதான். கன்னியர் மடங்களில் பிறந்த இனிப்புகளில் முட்டை மஞ்சள் கரு நிச்சயம். தோசீனியு தோ செயு போன்றவற்றில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். அரிசி, பருப்பு இல்லாமல் முடியாது என்றால் லிஸ்பனில் மார்த்திம் மொனிஸ் பக்கம் போங்கள், நம் நாட்டு மளிகையும் ஹோட்டலும் வரிசையாக இருக்கின்றன.

இப்போதே சொல்லிவிடுகிறேன்: உட்கார்ந்ததும் ரொட்டி, ஆலிவ், சீஸ் எல்லாம் கேட்காமலே மேசைக்கு வரும். அதற்குப் பெயர் கூவெர். இலவசம் இல்லை. வேண்டாமென்றால் கை வைக்காமல் திருப்பி அனுப்புங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கே: 28 ஆம் நம்பர் டிராம் எப்படி?

லிஸ்பனின் பழைய தெருக்களில் மேடேறிப் போகும் டிராம், கூட்டம் அதிகம். காலையில் சீக்கிரம், அல்லது கடைசி நிறுத்தமான பிரஸேரெஸில் ஏறுங்கள். பிக்பாக்கெட் உண்டு, பர்ஸ் முன் பாக்கெட்டில்.

கே: பக்கல்யாவ் என்கிறார்களே, அது நம்ம கருவாடுதானே? அதற்கு இவ்வளவு பில்லா?

காட் மீனை உப்பிட்டு உலர்த்தியது, அந்த அளவில் கருவாடுதான். ஆனால்…

(இடையில் ஒரு தூத்துக்குடிக்காரர்: "ஆனால் என்ன ஆனால்? எங்க ஊர் நெய்மீன் கருவாட்டுக்கு முன்னால அது நிக்குமா?")

சகோ, சண்டைக்கு வராதீர்கள். நாம் கருவாட்டின் உப்பையும் வாசனையையும் குழம்புக்கு வேண்டுமென்றே சமைக்கிறோம். இவர்கள் உப்பைத் துரத்திவிட்டுத்தான் அடுப்பே மூட்டுவார்கள். ஒன்றிரண்டு நாள் குளிர்ந்த தண்ணீரில் ஊற வைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி, சதை மறுபடி தடித்து இதழ் இதழாகப் பிரியும் பக்குவத்துக்குக் கொண்டுவருவார்கள். சூப்பர் மார்க்கெட்டில் பலகை போல விறைத்த முழு மீன்களை அடுக்கி வைத்து, கேட்ட அளவுக்கு ரம்பத்தில் அறுத்துத் தருவதைப் போய்ப் பாருங்கள். அந்த மூலைக்குப் போனால் தூத்துக்குடிதான், ஒப்புக்கொள்கிறேன். வேடிக்கை என்னவென்றால் போர்ச்சுகல் கடலில் காட் மீனே கிடையாது. அந்தக் காலத்தில் நியூஃபவுண்ட்லாந்து வரை கப்பல் விட்டுப் பிடித்தார்கள். இன்று நார்வே, ஐஸ்லாந்திலிருந்து வருகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு பல வீடுகளில் இதை வேகவைத்து, உருளைக்கிழங்கும் கீரையும் வைத்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றிச் சாப்பிடுவார்கள்.

(அதே நண்பர்: "வெறும் வேகவைச்சதா? புளி, மிளகாய் இல்லாமலா?")

மிளகாயை நமக்குக் கொண்டுவந்ததே இவர்கள்தான், தங்களுக்கு அதிகம் வைத்துக்கொள்ளவில்லை! முதல் தடவை பக்கல்யாவ் ஆ பிராஸ் வாங்குங்கள்: உதிர்த்த மீன், குச்சி குச்சியாக வறுத்த உருளைக்கிழங்கு, வெங்காயம், மேலே முட்டை கலக்கி, கறுப்பு ஆலிவ். அதற்கும் குறை சொன்னால் ஜூனில் வந்து சுட்ட மத்தி சாப்பிடுங்கள். 12 ஆம் தேதி இரவு, புனித அந்தோனியார் விழாவுக்கு லிஸ்பனின் பழைய பகுதியான அல்ஃபாமாவின் சந்துகள் முழுக்கப் புகைதான். உங்கள் ஊர் மத்தியையும் அங்கே வைத்து ஒப்பிட்டுக்கொள்ளலாம், இந்தப் பேச்சு இத்தோடு போதும்.

கே: ஃபாடோ கேட்கக் குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

ஃபாடோ என்பது கிட்டாரோடு பாடும் இந்த ஊர் ஏக்கப் பாட்டு. பாட்டு நடக்கும்போது வாய் திறக்காத குழந்தை என்றால் சரி. விளக்கைக் குறைப்பார்கள், பரிமாறுவதைக்கூட நிறுத்திவிடுவார்கள். வீடியோ எடுத்துக்கொண்டே பேசினால் பக்கத்து மேசை "ஷ்ஷ்" என்னும். 2011 இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்த கலை. கோயிம்ப்ரா ஊரில் கைதட்டவே மாட்டார்கள், தொண்டையைச் செருமுவதுதான் பாராட்டு.

கே: 28 ஆம் டிராமில் எப்போது கூட்டம் குறைவு?

மேலே பாருங்கள்.

கே: வாஸ்கோ ட காமா கல்லறை எங்கே?

லிஸ்பனின் பெலேம் பகுதியில், ஜெரோனிமுஸ் மடத்துத் தேவாலயத்தில். மடம் திங்கள் விடுமுறை. 1755 நிலநடுக்கத்தில் நகரமே விழுந்தபோதும் பெரும்பாலும் தப்பிய கட்டடம், அந்தக் கல் வேலைக்காகப் போங்கள். ஆளுக்காக அல்ல, அது என் கருத்து. பக்கத்திலேயே 1837 முதல் நடக்கும் கஸ்டர்ட் டார்ட் கடை. வெளியே நீள வரிசை பார்சலுக்கு; உள்ளே பல கூடங்கள் இருக்கின்றன, உட்கார இடம் கிடைத்துவிடும். சூடாக, பட்டைத்தூள் தூவி.

கே: அக்கா, ரொட்டி ஃப்ரீயா?

இல்லை.

கே: 28 ஆம் டிராம்…

நடந்து போங்கள் தம்பி. மேடுதான், ஆனால் பர்ஸ் பத்திரம்.