அறிவியல் கேள்வி–பதில்: மலையிறக்கத்தில் பிரேக் படும் பாடு

கேள்வி: ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் காரில் இறங்கியபோது சக்கரங்களிலிருந்து கருகிய வாடை வந்ததால், ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி ஆறவிட்டார். சமவெளியில் இதைவிட வேகமாகச் சென்று பிரேக் பிடித்தபோது இப்படி நேர்ந்ததில்லையே, ஏன்?
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: பிரேக் எந்த ஆற்றலையும் அழிப்பதில்லை, வண்டியின் ஆற்றலை உராய்வின் மூலம் வெப்பமாக மாற்றுவதே அதன் வேலை. அந்த வெப்பம் எவ்வளவு, அது வெளியேற எவ்வளவு அவகாசம் கிடைக்கிறது என்ற இரண்டில்தான் தங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது.

1,500 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் 3 லட்சம் ஜூல். நான்கு சக்கரங்களின் இரும்பு டிஸ்க்குகளும் சேர்ந்து 25 கிலோ என்று வைத்துக்கொண்டால், வண்டியை ஒருமுறை முழுமையாக நிறுத்துவதால் அவற்றின் வெப்பநிலை சுமார் 25 டிகிரி செல்சியஸ்தான் உயரும். அடுத்த முறை பிரேக் பிடிப்பதற்குள் அதில் பெரும்பகுதியைக் காற்று கொண்டுபோய்விடும்.

மலைப்பாதையில் வேகம் குறைவுதான். ஆனால் ஊட்டிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையே உயர வேறுபாடு ஏறத்தாழ 1,900 மீட்டர் என்பதால், அதே கார் கீழே வந்து சேர்வதற்குள் சுமார் 2.8 கோடி ஜூல் நிலையாற்றலை இழந்தாக வேண்டும். வேகத்தைக் கூடவிடாமல் இறங்கும்போது, காற்றின் தடையும் டயரின் உராய்வும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சுவதெல்லாம் பிரேக்கின் தலையில் விழுகிறது. 2.8 கோடி ஜூல் என்பது 95 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம். அது முழுவதும் டிஸ்க்குகளிலேயே தங்கிவிட்டால் இரும்பே உருகிவிடும். அப்படி நேராமல் காப்பது காற்றோட்டம்தான் என்றாலும், கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி மெதுவாகச் செல்வதால் அந்தக் காற்றும் குறைவாகவே கிடைக்கிறது.

வெளியேற வழியில்லாத வெப்பம் பிரேக் கட்டைக்குள் ஊடுருவுகிறது. கட்டையிலுள்ள பிசின் சிதையும்போது எழுவதே தாங்கள் உணர்ந்த வாடை. அந்நிலையில் உராய்வுத் திறனும் குறைந்துவிடும். இதைவிட ஆபத்தானது வெப்பம் பிரேக் ஆயிலை எட்டுவது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் 140 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடக்கூடும். குழாயில் ஆவி சேர்ந்தபின் பெடலை எவ்வளவு மிதித்தாலும் அழுத்தம் சக்கரத்தைச் சென்றடையாது. ஓட்டுநர் வண்டியை ஆறவிட்டது மிகச் சரியான செயல்.

ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வதும் இதனால்தான்: குறைந்த கியரில் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிப்பதால், ஆற்றலின் ஒரு பகுதி ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியேறுகிறது. நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்று நம்புவோர் இன்னமும் இருக்கிறார்கள். இன்றைய இன்ஜின்களில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டுக் கியரில் இறங்கினால் எரிபொருள் பெரும்பாலும் அடியோடு நின்றுவிடுகிறது, நியூட்ரலில்தான் செலவாகிறது.

கேள்வி: மின்சாரக் காருக்கு இந்தத் தொல்லை இல்லையாமே?
– திருப்பூர் வாசகர்

பதில்: பெருமளவு இல்லை. இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வெப்பமாகியிருக்க வேண்டிய ஆற்றலில் கணிசமான பங்கைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. ஆனால் மலையுச்சியில் பேட்டரியை முழுவதும் சார்ஜ் செய்துகொண்டு புறப்பட்டால் அந்த மின்சாரத்தை ஏற்க அதில் இடமிருக்காது என்பதால், தொடக்கத்தில் சில கிலோமீட்டர்களுக்கு உராய்வு பிரேக்கையே அதிகம் நம்ப வேண்டியிருக்கும்.