பக்கத்து ஊராட்சியில் தண்ணீர் வருகிறது, எங்கள் ஊரில் வரவில்லை: தலைவர்தான் காரணமா?

கேள்வி: எங்கள் ஊர் திருமங்கலம் பக்கத்தில் உள்ள ஒரு சிறிய ஊராட்சி. கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊராட்சியும் ஏறக்குறைய எங்கள் அளவுதான், வரும் நிதியும் அதே அளவுதான் என்கிறார்கள். அங்கே தெருவிளக்கு எரிகிறது, குழாயில் தினமும் தண்ணீர் வருகிறது. எங்கள் ஊரில் மோட்டார் பழுதானால் சரிசெய்யப் பத்து நாள் ஆகிறது. தலைவர் ஒருவரால் இவ்வளவு வித்தியாசம் வருமா? அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் எதைப் பார்த்து வாக்களிப்பது?

பதில்: வரும். அதற்கான காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. மதுரை மாநகராட்சியில் மேயரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தாலும் நிர்வாகம் ஆணையர் கையில் இருக்கிறது; ஊராட்சி ஒன்றியத்திலும் வட்டார வளர்ச்சி அலுவலரே நிர்வாகத்தை நடத்துகிறார். கிராம ஊராட்சியில் மட்டும், 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த தலைவரே செயல் அலுவலராகவும் இருக்கிறார். குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, துப்புரவு ஆகியவை அன்றாடம் அவர் பொறுப்பில் நடப்பவை. மதுரை மாவட்டத்தின் 420 ஊராட்சிகளிலும் சட்டம் ஒன்றுதான் என்றாலும், அதைக் கையாளும் விதம் ஊருக்கு ஊர் மாறுகிறது.

நிதி பற்றி நீங்கள் கேள்விப்பட்டது பெரும்பாலும் சரியே. மாநில நிதிக்குழு மானியத்தில் மக்கள்தொகைக்கு முக்கியப் பங்கு உண்டு. 2021-26 காலத்துக்கான மத்திய அரசின் 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவிட வேண்டும் என்று வரையறுத்திருந்தார்கள். ஆகவே மேலிருந்து வரும் பணத்தில் தலைவரின் திறமைக்கு அதிக இடமில்லை. வந்த பணம் எத்தனை நாளில் வேலையாக மாறுகிறது, ஊருக்குள்ளிருந்து எவ்வளவு திரட்டப்படுகிறது என்ற இரண்டில்தான் திறமை தெரியும்.

முதலாவதற்கு நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்குப் பயிற்சி அளிக்கும் பணியில் இருந்தபோது, ஒரு சித்திரை மாதத்தில், ஓர் ஊராட்சியின் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்துவிட்டது. காயில் கட்டும் பட்டறைக்காரர் மறுநாளே வேலையை முடித்துவிட்டார். ஆனால் பழைய பாக்கி நிலுவையில் இருந்ததால், பணம் கொடுத்துவிட்டு மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். காசோலையில் தலைவர் கையெழுத்திட்டிருந்தார். துணைத் தலைவர் கையெழுத்திடவில்லை. தேர்தல் காலத்துப் பகை அது. கணக்கில் பணம் இருந்தது, பட்டறையில் மோட்டார் தயாராக இருந்தது, பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வயல் கிணற்றுக்கு நடந்தார்கள். பதினோராம் நாள்தான் தண்ணீர் வந்தது.

உங்கள் ஊரின் பத்து நாள் தாமதத்துக்கும் இதுவே காரணமா என்று முதலில் பாருங்கள். ஊராட்சி நிதியை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவரின் ஒப்புதலும் தேவை என்பது ஒருவரே பணத்தைக் கையாடிவிடக் கூடாது என்பதற்காக வைக்கப்பட்ட ஏற்பாடு, அது தேவையானதும்கூட. ஆனால் இருவரும் பேசிக்கொள்ளாத ஊரில் அதுவே பூட்டாகிவிடுகிறது. முட்டுக்கட்டை நீடித்தால், சட்டத்தின் 203ஆம் பிரிவின்கீழ் ஆட்சியர் தலையிட்டு, கையெழுத்திடும் அதிகாரத்தை அலுவலர்களிடம் ஒப்படைப்பது உண்டு. அந்த நிலை வருவதற்குள் ஒரு கோடை கழிந்துவிடும். தோற்றவர்களையும் மாற்று அணியில் நிற்கும் வார்டு உறுப்பினர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசத் தெரிந்தவரே நல்ல தலைவர் என்று நான் மதிப்பிடுவது இதனால்தான்.

இரண்டாவது, வீட்டு வரி. ஒரு தலைவரை அளக்க இதைவிட நல்ல அளவுகோலை நான் கண்டதில்லை. வரி கேட்டால் ஓட்டுப் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் முதலில் சொந்தக்காரர்களை விட்டுவிடுவார்கள், அடுத்து தெருவை, பிறகு ஊரையே விட்டுவிடுவார்கள். மானியப் பணத்துக்கு நிபந்தனைகள் உண்டு; வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி ஆகியவற்றில் வந்த பணம்தான் எரிந்துபோன விளக்கை அன்றைக்கே மாற்றக் கைகொடுக்கும். தன் பங்காளி வீட்டு வாசலிலும் நின்று ரசீது கொடுத்து வரி வாங்குகிற தலைவரிடம், 'எங்கள் தெருவுக்கு என்ன செய்தாய்' என்று ஊரும் உரிமையோடு கேட்கும். கேட்க ஆள் இருக்கும் இடத்தில் வேலை தானாக வேகம் பிடிக்கிறது.

தலைவர் எந்தக் குக்கிராமத்தில் இருக்கிறார் என்பதும் முக்கியம். தென்னிந்திய ஊராட்சிகளை ஆராய்ந்த டிமதி பெஸ்லி, ரோகிணி பாண்டே, விஜயேந்திர ராவ் ஆகியோர், தலைவர் குடியிருக்கும் ஊருக்குப் பொது வசதிகள் கூடுதலாகப் போய்ச் சேர்வதைக் காட்டியிருக்கிறார்கள். எஸ்தர் டுஃப்லோவும் ராகவேந்திர சட்டோபாத்யாயும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், மேற்கு வங்கத்தில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவிடப்பட்டதைக் கண்டார்கள். தமிழ்நாட்டில் பாதி இடங்கள் பெண்களுக்கானவை. தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்ணுக்குப் பதிலாக அவருடைய கணவர் நாற்காலியில் உட்கார்ந்தால், இந்தப் பலன் ஊருக்குக் கிடைக்காமல் போய்விடும்.

எல்லாவற்றையும் தலைவர் தலையில் ஏற்றுவதும் நியாயமல்ல. நம் மாவட்டத்துக்கு இது நன்றாகத் தெரியும். உசிலம்பட்டி வட்டாரத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால், 1996 முதல் பத்தாண்டுகள் அங்கே முறையாகப் பதவியில் நிலைக்கும் தலைவரைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. வென்றவர்களும் உடனே விலக நேர்ந்தது. மேலூர் அருகே மேலவளவில் தலைவர் முருகேசனும் அவருடன் இருந்த ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். உசிலம்பட்டி ஊர்களில் 2006இல் தேர்தல் நடந்து முடிந்தது என்றால், அப்போதைய ஆட்சியர் உதயசந்திரனும் மாநில அரசும் உறுதியாக நின்று ஊர் ஊராகப் பேசியதும் அதற்குக் காரணம். உங்கள் தலைவர் தடுமாறுகிறார் என்றால், அவரைச் செயல்பட விடுகிறார்களா என்பதையும் மனச்சாட்சியோடு விசாரியுங்கள். தேர்தல் நடக்காமல் தனி அலுவலர் பொறுப்பில் இருந்த காலத்துக் குறைகளையும் தலைவர் கணக்கில் எழுதக் கூடாது. 2016 அக்டோபருக்குப் பின் மூன்று ஆண்டுகளுக்கு மேலும், 2025 ஜனவரிக்குப் பின்னரும் ஊராட்சிகள் அப்படி இருந்தன. பல ஊராட்சிகளைச் சேர்த்துக் கவனிக்கும் ஓர் அலுவலருக்கு உங்கள் தெருவின் மூன்றாவது கம்பத்து விளக்கு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தண்ணீரே வராவிட்டால், அதற்குக் குடிநீர் வடிகால் வாரியத்தைத்தான் கேட்க வேண்டும்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. ஊராட்சியின் வரவு செலவை இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் பார்க்கலாம். உங்கள் ஊரையும் பக்கத்து ஊரையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அதில் கிடைக்காத விவரத்துக்கு, அதாவது வரிக் கேட்பு (ஊரிலிருந்து வர வேண்டிய மொத்த வரி) எவ்வளவு, வசூல் எவ்வளவு, மோட்டார் பழுதுக்கு எந்தத் தேதியில் பணம் கொடுக்கப்பட்டது என்பவற்றுக்கு, பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுக் கொடுத்தால் 30 நாளில் பதில் தர வேண்டும். கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். வீடு வீடாக நோட்டைக் கொடுத்தனுப்பிக் கையெழுத்து வாங்கும் வழக்கம் உங்கள் ஊரில் இருந்தால், முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள். சபையில் பொத்தாம்பொதுவாகக் குறை சொல்லாமல், எந்தத் தெரு, எத்தனை நாள் என்று சொல்லி, அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்து, வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்திடுங்கள்.

வாக்குக் கேட்டு வருகிறவரிடம் மூன்றைக் கேட்கலாம்: இதுவரை எத்தனை கிராம சபைக்கு வந்திருக்கிறீர்கள், உங்கள் வீட்டு வரி ரசீதைக் காட்ட முடியுமா, நீங்கள் வென்றால் எதிர் அணியிலிருந்து துணைத் தலைவர் வந்தாலும் சேர்ந்து வேலை செய்வீர்களா? பதில் வாயிலிருந்து வருவதற்கு முன்பே முகத்தில் தெரிந்துவிடும். அதற்கு முன் ஒரு நாள் காலை ஆறு மணிக்குக் கண்மாய்க்கரையைத் தாண்டிப் பக்கத்து ஊருக்குப் போய், மேல்நிலைத் தொட்டியைக் கடைசியாகக் கழுவிய தேதி அங்கே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் திறக்க வரும் ஆபரேட்டரிடம், மோட்டார் பழுதானால் முதலில் யாருக்குப் போன் செய்வீர்கள், அவர் எத்தனை மணிக்கு எடுப்பார் என்று விசாரித்துவிட்டு வாருங்கள்.